இதுக்கு மேல எவன் போகப் போறான்?

மாப்ளே, பொண்ணு பாக்கக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு எண்ணைப் பாத்து வெச்சுக்கோ. பொண்ணு அமையாட்டியும் பொழப்புக்கு ஆகும். 2147483647. வாய்விட்டுச் சொல்லு பாப்போம். இருநூத்திப் பதினாலு கோடியே எழுவத்தி நாலு லட்சத்து எம்பத்தி மூவாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி ஏழு. மூச்சு வாங்குதுல்ல? நாற்காலியை விட்டு எந்திரிக்காம வேலை பாத்தா அப்படித்தான் வாங்கும்.

இது பகா எண். ஒண்ணும் தானும் தவிர வேற எதால வகுத்தாலும் மீதி நிக்கும். இம்புட்டு தென்னங்கன்னு வாங்கி வரிசைக்கு இத்தனைன்னு சமமா நடணும்னு வெச்சுக்கோ. ரெண்டு வரிசை, ஏழு வரிசை, ஆயிரம் வரிசை, எப்படிப் போட்டாலும் கடைசி வரிசை மொட்டையா நிக்கும். ஒரே வரிசையா நட்டாத்தான் உண்டு. இருபத்தஞ்சடிக்கு ஒரு கன்னுன்னு நட்டுக்கிட்டே போனா அந்த வரிசை நிலாவுக்கு இருபது தடவை போயிட்டுத் திரும்பி வர்ற தூரம் நீளும். உங்கப்பன் வித்த காட்டையெல்லாம் திருப்பி வாங்கினாலும் அதுக்குக் காணாது.

சரி, ஜாதகத்தைக் கேளு. முப்பத்தோரு ரெண்டை ஒண்ணோட ஒண்ணு பெருக்கி, வந்த விடையில ஒண்ணைக் கழிச்சா நம்ம ஆளு. ரெண்டின் அடுக்கு 31, கழித்தல் 1. உங்க கம்ப்யூட்டர் எழுதுற மாதிரி ஒண்ணும் சைபருமாப் போட்டா முப்பத்தோரு ஒண்ணு வரிசையா நிக்கும். நடுவுல பேருக்கு ஒரு சைபர் கிடையாது. இந்த வகையறாவுக்கு மெர்சென் பகா எண்கள்னு பேரு. அடுக்குல இருக்கிறது பகா எண்ணா இருந்தாத்தான் விடையும் பகா எண்ணா இருக்க வழி உண்டு. வழி உண்டுன்னுதான் சொன்னேன், உறுதின்னு சொல்லல. அடுக்கு 11 பகா எண்தானே? 2047 என்னாச்சு? 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினா வந்து விழுது. அப்பன் யோக்கியன்ங்கிறதுக்காக மகனுக்கு நற்சான்று எழுதிக் குடுத்துராதே.

நம்ம ஆளோட வம்சத்தையும் சொல்லிடுறேன். அடுக்குல நிக்குற 31 இருக்கே, அதுவே ரெண்டின் அடுக்கு 5 கழித்தல் 1. ஆக தாத்தன் 5, அப்பன் 31, மகன் 2147483647. மூணு தலைமுறையும் பகா எண். இந்த மாதிரி மெர்செனுக்குப் பொறந்த மெர்சென் பகா எண் இதுவரைக்கும் நாலுதான் தெரியும்: 7, 127, நம்ம ஆளு, பெறகு ரெண்டின் அடுக்கு 127 கழித்தல் 1. "அப்ப நாலாந் தலைமுறை, மாமா?"ன்னு வாயைத் தொறக்குறே. ரெண்டின் அடுக்கு 2147483647 கழித்தல் 1. எழுதி முடிக்க அறுபத்தி நாலு கோடி இலக்கத்துக்கு மேல ஆகும். அதை 295257526626031 மிச்சமில்லாம வகுத்துருது. நாலாந் தலைமுறையில சொத்து பாகம் பிரிஞ்சு போச்சு மாப்ளே. அதிசயப்படாதே, நம்ம வீட்டுல ரெண்டாந் தலைமுறையிலயே பிரிஞ்சது.

இந்த எண்ணைச் சுத்தி ஆரூடம் சொன்ன ஆளுக ரொம்பப் பேரு. இத்தாலியில கத்தால்டின்னு ஒருத்தர் 1588 வாக்குல 17, 19 ரெண்டு அடுக்குக்கும் பொறுமையா வகுத்து வகுத்துப் பாத்து, ரெண்டும் பகா எண்தான்னு காட்டினார். அத்தோட நிறுத்தியிருந்தா மகராசன். 23, 29, 31, 37-ம் அப்படித்தான்னு போற போக்குல சொல்லிட்டார். நாலுல 31 ஒண்ணுதான் பலிச்சது. 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா கவுத்தார், 29-ஐ ஆய்லர் கவுத்தார். பாரிஸ்ல இருந்த மரின் மெர்சென் பாதிரியார் 1644-ல 257 வரைக்கும் ஒரு பட்டியலே போட்டார். 31 சரி. ஆனா 67, 257 ரெண்டும் தப்பு. 61, 89, 107 மூணையும் விட்டுட்டார். அந்த 67-ஐ உடைச்சு 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினா அதுதான்னு 1903-ல நியூயார்க்ல ஒரு கூட்டத்துல கரும்பலகையில போட்டுக் காட்டினவர் கோல். தப்பும் தவறுமா பட்டியல் போட்டவர் பேருதான் எண்ணுக்கு நின்னுச்சு. மாங்கு மாங்குன்னு உடைச்சுப் பாத்தவரு பேரை உனக்கு மாமன் சொல்லித்தான் தெரியுது. ஆபீஸ்ல யாருக்கு பதவி உயர்வு வருதுன்னு நீ அன்னைக்குப் புலம்பினியே, அந்தக் கதைதான்.

இப்ப நிரூபிச்ச ஆளுக்கு வருவோம். லியோன்ஹார்ட் ஆய்லர். 1772-ல அவருக்கு வயசு அறுபத்தஞ்சு. ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல இருந்தார். வலது கண்ணு எப்பவோ போச்சு, இடது கண்ணும் போச்சு, முந்தின வருசம் வீடும் தீப்பிடிச்சுப் போச்சு. அந்த நெலமையில மூணாம் யோஹான் பெர்னூலிக்கு ஒரு கடுதாசி எழுதுறார், ரெண்டின் அடுக்கு 31 கழித்தல் 1 பகா எண்தான்னு. உனக்கு நெட்டு ரெண்டு நாளு வரலைன்னா லீவு போட்டுர்றே.

எப்படி நிரூபிச்சார்ங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. ஒரு எண் பகா எண்ணான்னு பாக்க, அதோட வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பாத்தாப் போதும். இதோட வர்க்கமூலம் 46340-ஐ ஒட்டி வருது. அதுக்குள்ள இருக்கிற பகா எண் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல. பார்வையில்லாத மனுசன் அத்தனையையும் வகுத்துக்கிட்டு இருக்க முடியுமா? அவரு யோசிச்சார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்கணும்னா அந்தப் பகா எண்ணை 62-ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும். 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லேன்னா 7 வரணும். ரெண்டையும் சேத்தா, 248-ஆல வகுத்து மீதி 1 இல்லேன்னா 63 வர்ற எண்ணுக்குத்தான் உள்ளே வர அனுமதி. மத்ததெல்லாம் வாசல்லயே திரும்பிப் போகலாம். 46340 வரைக்கும் அந்த லட்சணத்தோட இருக்கிறது முன்னூத்தி எழுபத்திச் சொச்சம் எண்தான். அதுலயும் பகா எண்ணை மட்டும் பொறுக்கினா நூறு தேறாது. மொதல்ல தேறுறது 311. ஒவ்வொண்ணா வகுத்தாச்சு. ஒண்ணாலயும் மீதியில்லாமப் போகல. முடிஞ்சது சோலி.

சந்தேகமா இருந்தா அந்த 2047-ஐ எடுத்து வெச்சுக்கோ. அங்க அடுக்கு 11, அதனால 22-ஆல வகுத்து மீதி 1 வரணும். 23-க்கு வருதா? வருது. 89-க்கு? நாலு இருவத்திரெண்டு எம்பத்தெட்டு, மீதி 1. எட்டால வகுத்தா 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. சட்டம் சரியா நிக்குது பாரு. நீங்க இப்ப என்ன பண்றீங்க? யோசிக்கிறதுக்குச் சோம்பல் பட்டு, மெசினை ராத்திரி பூரா ஓடவிட்டுட்டுத் தூங்கப் போறீங்க. ஆய்லர் வகுக்குறதுக்குச் சோம்பல் பட்டு யோசிச்சார். சோம்பலை எங்க வெக்கணும்னு அவருகிட்டப் படிச்சுக்கோ.

அடுத்த ஆளுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. பீட்டர் பார்லோ. இங்கிலாந்துல உல்விச் ராணுவப் பள்ளியில கணக்குச் சொல்லிக் குடுத்தவர். அவரு சொன்னது விளங்கணும்னா நிறைவெண்ணுன்னா என்னன்னு தெரியணும். 6-ஐ எடுத்துக்கோ. 1, 2, 3 அதை வகுக்கும், மூணையும் கூட்டினா மறுபடி 6. 28-ம் அப்படித்தான். மெர்சென் பகா எண் ஒண்ணு கிடைச்சா அதுல இருந்து நிறைவெண் ஒண்ணு பிறக்கும்னு யூக்ளிட் காலத்துலயே தெரியும். நம்ம ஆளை ரெண்டின் அடுக்கு 30-ஆல பெருக்கினா 2305843008139952128. எட்டாவது நிறைவெண். 1811-ல எழுதின புத்தகத்துல பார்லோ என்ன சொன்னாருன்னா, இதுதான் மனுசன் காணப்போற ஆகப் பெரிய நிறைவெண், இதெல்லாம் வேடிக்கைக்கு ஆகுமே ஒழிய உபயோகத்துக்கு ஆகாது, அதனால இதைத் தாண்டித் தேட எவனும் மெனக்கெடப் போறதில்லேன்னார்.

படிச்ச மனுசன், பெரிய மனுசன், அவரு போட்ட கணக்கு அட்டவணையை ஒரு நூத்தாண்டுக்கு மேல எஞ்சினியர்மாரு கையில வெச்சிருந்தாங்க. ஆனா உலகத்துல வேலைவெட்டி இல்லாதவன் எத்தனை பேரு இருப்பான்னு மட்டும் அவருக்குக் கணக்குப் போடத் தெரியல. 1876-ல பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்கா ரெண்டின் அடுக்கு 127 கழித்தல் 1 பகா எண்ணுன்னு கையாலயே கணக்குப் போட்டுச் சொன்னார். முப்பத்தொம்பது இலக்கம். 1883-ல ரஷ்யாவுல பெர்வூஷின்னு ஒரு கிராமத்துப் பாதிரியார், மெர்சென் விட்டுப்போன அந்த 61-ஐ எடுத்து நிரூபிச்சார். பாரிஸ் பாதிரியார் விட்டதைப் பட்டிக்காட்டுப் பாதிரியார் பிடிச்சார். கிராமத்தான்னா என்னன்னு நெனச்சே?

லூக்கா கண்ட வழியை அமெரிக்காவுல லேமர் 1930 வாக்குல செப்பம் பண்ணினார். உனக்கு ஒரு நிமிசத்துல சொல்றேன். 4-ல ஆரம்பி. வர்க்கம் பண்ணி 2 கழி, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை வெச்சுக்கோ. திரும்ப அதையே செய். அடுக்குல ரெண்டு குறைச்சா எத்தனையோ அத்தனை தடவை. கடைசி மீதி சைபர்னா பகா எண். 31-ஐச் சோதிப்போம், அடுக்கு 5, மூணு தடவை போதும். 4-ஐ வர்க்கம் பண்ணி 2 கழிச்சா 14. 14-க்கு 194, அதை 31-ஆல வகுத்தா மீதி 8. எட்டெட்டு அறுபத்தி நாலு, 2 போக 62, ரெண்டு முப்பத்தொண்ணு, மீதி சைபர். பகா எண்! நம்ம ஆளுக்கு இதை இருபத்தொம்பது தடவை செஞ்சாச் சரியாப் போச்சு. 2024 அக்டோபர்ல லூக் டுரான்ட்ங்கிற அமெரிக்கக்காரர் கண்டுபிடிச்ச ரெண்டின் அடுக்கு 136279841 கழித்தல் 1-ஐ உறுதி பண்ண பதிமூணு கோடியே அறுபத்திரெண்டு லட்சம் தடவைக்கு மேல இதையே செய்யணும். அதுல இருக்கிறது 4,10,24,320 இலக்கம். பல நாட்டுல கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடிச்சு ஓட்டியிருக்கார் மனுசன். கிடைச்ச பரிசு மூவாயிரம் டாலர், அதையும் தான் படிச்ச பள்ளிக்கூடத்துக் கணக்குத் துறைக்கே குடுக்குறேன்னுட்டார். நீ படிச்ச பள்ளிக்கூடம் இன்னும் அதே இடத்துலதான் இருக்கு மாப்ளே. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

பார்லோ உபயோகமில்லேன்னு சொன்னாரே, அதுக்கு வர்றேன். கம்ப்யூட்டருக்குச் சோழி உருட்டத் தெரியாது, சொன்னதைத்தான் செய்யும். அப்ப குருட்டாம்போக்கு எண் வேணும்னா எங்க போறது? இதே லேமர்தான் அதுக்கும் வழி சொன்னார்: ஒரு எண்ணைப் பெருக்கு, இன்னொண்ணால வகு, மீதியை எடு, அதையே திரும்பப் பெருக்கு. 1969-ல ஐபிஎம்காரங்க அதுல நம்ம ஆளை வகுக்குற எண்ணா உக்கார வெச்சாங்க. பெருக்க 16807, அதாவது ஏழின் அடுக்கு 5. ஒண்ணுல ஆரம்பிச்சா 16807, பெறகு 282475249, பெறகு 1622650073, பெறகு 984943658. தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா 1-ல இருந்து 2147483646 வரைக்கும் உள்ள அத்தனை எண்ணையும் ஒவ்வொரு தடவை தொட்டுட்டுத்தான் ஆரம்பிச்ச இடத்துக்குத் திரும்பும். ஒண்ணு விடாது, ஒண்ணை ரெண்டு தடவை தொடாது. வகுக்குற எண் பகா எண்ணா இருக்கிறதாலயும், பெருக்குற எண்ணைப் பாத்துப் பொறுக்கினதாலயும்தான் அது நடக்குது. 1988-ல பார்க், மில்லர்னு ரெண்டு பேரு, எவனும் புதுசா எதையாவது கட்டிக்கிட்டுத் திரியாம குறைஞ்சபட்சம் இதையாவது வெச்சுக்கோங்கன்னு எழுதினாங்க.

இப்ப உங்க கம்ப்யூட்டர் ஆளுக பண்ணின கூத்து. ஒரு எண்ணை எழுத முப்பத்திரண்டு பிட்டு, அதாவது ஒண்ணோ சைபரோ போடுற கட்டம், குடுப்பாங்க. அதுல ஒண்ணை கூட்டலா கழித்தலான்னு பாக்க ஒதுக்கினா மிச்சம் முப்பத்தொண்ணு. எல்லாத்துலயும் ஒண்ணு போட்டா நம்ம ஆளுதான். அதுக்கு மேல எண்ண இடமில்லை. ஒண்ணு கூட்டினா கழித்தல் 2147483648-ன்னு அதல பாதாளத்துல போய் விழும். அதுக்கென்ன, இருநூத்திப் பதினாலு கோடியை எவன் தாண்டப் போறான்னு இருந்தாங்க. பார்லோவுக்குப் பேரன் பேத்தி ரொம்ப மாப்ளே! கொரியாக்காரர் ஒருத்தர் குதிரை ஓட்டுற மாதிரி ஆடின "கங்னம் ஸ்டைல்" பாட்டை ஜனம் பாத்த பார்வையில 2014 டிசம்பர்ல யூடியூப் கணக்கு அந்த எல்லையைத் தொட்டுருச்சு. கணக்கை அறுபத்தி நாலு பிட்டுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. புது எல்லை 9223372036854775807. பெருசுதான், ஆனா பகா எண் கிடையாது. 7-ஆல வகுபடும், வந்த ஈவு மறுபடியும் 7-ஆல வகுபடும். பெருசு வேற, உறுதி வேற.

விமானத்தையும் விடல. 2015-ல அமெரிக்க விமானத்துறை, போயிங் 787-ஐ 248 நாளு மின்சாரத்தை நிறுத்தாம வெச்சிருந்தா மின்னாக்கியைக் கட்டுப்படுத்துற மென்பொருள்ல ஒரு எண்ணி நெறஞ்சு வழிஞ்சு மின்சாரம் போயிரும்னு எச்சரிச்சது. வினாடியை நூறு பங்காக்கி ஒவ்வொண்ணா எண்ணினா நம்ம ஆளு நெறைய எத்தனை நாளு ஆகும்னு போட்டுப் பாரு. 248 நாளும் அரை நாளும். ஆய்லரோட 248-ம் இந்த 248-ம் ஒண்ணா வந்தது தற்செயல்தான். அதுக்கு யாராவது பரிகாரம் சொன்னா காசு குடுத்துராதே.

வானத்தை விடு, உன் சட்டைப் பையில இருக்கிற போனுக்கு வா. நம்ம நாட்டுக் கைப்பேசி நம்பர் 6, 7, 8, 9-ல ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்குது, மொத்தம் பத்து இலக்கம். அதுல ஆகச் சின்னதே அறுநூறு கோடி. அதைக் கொண்டுபோய் முப்பத்திரண்டு பிட் இன்டீஜர் கட்டத்துல சேமிக்கிற புத்திசாலி இன்னமும் இருக்கான். கண்டிப்பு இல்லாம விட்ட மை எஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸ் என்ன பண்ணும்? இடமில்லேன்னு சத்தம் போடாது. எட்டின மட்டும் 2147483647-ன்னு எழுதி வெச்சுட்டுக் கமுக்கமா இருந்துரும். பெறகு பாத்தா வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே போன் நம்பர்! அமெரிக்காவுல 214-ங்கிறது டல்லாஸ் ஊருக் குறியீடு வேற, பாக்குறவனுக்கு அசல் நம்பர் மாதிரியே இருக்கும். போன் நம்பரைக் கூட்டப் போறியா, பெருக்கப் போறியா? எழுத்தா வெச்சுத் தொலையேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி. யூனிக்ஸ் வழி வந்த பழைய மெசினுக 1970 சனவரி 1-ல இருந்து வினாடியை எண்ணிக்கிட்டே வருது. முப்பத்திரண்டு பிட்டுல எண்ணுறதுக்கெல்லாம் கடைசி வினாடி நம்ம ஆளுதான். 2038 சனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிசம் 7 வினாடி. அடுத்த வினாடி அந்த மெசினுக்கு 1901 டிசம்பராயிடும். அப்ப ராமானுஜன் கும்பகோணத்துல பதிமூணு வயசுப் பள்ளிக்கூடத்துப் பையன். போய்ப் பாத்து நாலு கணக்காவது கேட்டுட்டு வரலாம்னு பாத்தா அதுக்கும் வழியில்லை, தேதிதான் போகும், நீ போக முடியாது. புது மெசினுகள்ல அறுபத்தி நாலு பிட்டுக்கு மாத்தியாச்சு. பழசு எங்கெங்க சுவத்துக்குள்ள, மோட்டாருக்குள்ள, மீட்டருக்குள்ள கிடக்குன்னு தேடிப் பாக்க வேண்டியது உங்க கூட்டம்தான். அதனால கல்யாணத்துக்கு லீவு எம்புட்டு வேணும்னாலும் எடு மாப்ளே. வேலைக்குத் திரும்பினதும் மொத வேலையா உங்க கம்பெனி டேபிள்ல ஐடி எந்த எண்ணுல ஓடிக்கிட்டு இருக்குன்னு பாத்துரு. இருநூறு கோடியைத் தாண்டியிருந்தா, "இதுக்கு மேல எவன் வரப் போறான்"னு மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிராதே.